எட்டாம் தொகுதி என்னிடம் இருக்கிறது, ஏழாம் தொகுதி எங்கே?

நம் மறைமாவட்டக் கல்லூரியின் செயலர் தந்தை அவர்களுக்கும், முதல்வர் தந்தை அவர்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கடந்த மாதம் ஓய்வூதியத் தாள் ஒன்றில் கையொப்பம் வாங்குவதற்காகக் கல்லூரி அலுவலகத்துக்கு வந்தேன். நூலகத்தின் பின்வாசலில் ஒரு சுமை ஆட்டோ நின்றது. தேங்காய்நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய புத்தகக் கட்டுகளை இரண்டு பேர் அதில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேல் கட்டில் இருந்த நூலின் முதுகில் பொன்னெழுத்துகள் பாதி உதிர்ந்திருந்தன. ஆனாலும் அது எந்த நூல் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அட்டை பிய்ந்து கிடந்த அந்தத் தொகுதிகளை நாற்பது ஆண்டுகளுக்கு முன் பைண்டரிடம் சுமந்து சென்று, துணி அட்டை போட்டுத் திரும்பக் கொண்டுவந்தவளே நான்தான். அவை, நம் நாட்டின் அரசியலமைப்பை வகுத்த இந்திய அரசியல் நிர்ணய சபையின் விவாதத் தொகுதிகள்.

அன்று மாலையே பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். தராசுக்குப் பக்கத்தில் இருந்த குவியலைக் கலைத்துத் தேடிப் பார்க்க விட்டார். மூன்று தொகுதிகள் கிடைத்தன. மற்றவை மதியமே வேறு லாரியில் பேப்பர் மில்லுக்குப் போய்விட்டன என்றார். கிடைத்த மூன்றில் ஒன்று எட்டாம் தொகுதி. ஏழாம் தொகுதி கிடைக்கவில்லை. அது ஏன் என் நெஞ்சை இத்தனை அறுக்கிறது என்பதை விளக்கத்தான் இம்மடலை எழுதுகிறேன். தனிக் கடிதமாக ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். அதற்கு அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு வரிப் பதிலில், அந்த நூல்கள் பழுதடைந்தவை, ஐந்தாண்டுகளாக எவரும் எடுக்காதவை, இணையத்தில் கிடைப்பவை என்ற மூன்று காரணங்கள் மட்டும் இருந்தன. அத்தொகுதிகள் இருந்த நூலக அறையின் சுவரில் தொங்கிய படத்தைப் பற்றி நான் கேட்டிருந்த கேள்விக்குப் பதிலே இல்லை.

அந்தப் படத்தில் இருந்தவர் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த தந்தை ஜெரோம் டிசூசா. இம்மடலைப் பெறும் உங்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று நான் அறியேன். எனவே அவர் யார் என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அன்று மதராஸ் மாகாணத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்த மங்களூர்ப் பகுதியில் 1897-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். சேசு சபையில் சேர்ந்து, ஐரோப்பாவில் இறையியல் முடித்துத் திரும்பி, திருச்சி தூய வளனார் கல்லூரியில் பணியாற்றி, அக்கல்லூரியின் முதல்வரானார். 1844-இல் நாகப்பட்டினத்தில் பிரெஞ்சு சேசு சபையினர் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த கல்லூரி அது. பின்னர் 1940களில், தந்தை பெர்ட்ரம் 1925-இல் நிறுவிய சென்னை இலயோலாக் கல்லூரிக்கு முதல்வராக வந்தார். அந்தப் பொறுப்பில் இருந்தபடியேதான் மதராஸ் மாகாணத்திலிருந்து காங்கிரஸ் ஆதரவுடன் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நேரு அரசு அவரை ஐக்கிய நாடுகள் பொதுச்சபைக்கான இந்தியத் தூதுக்குழுவில் நான்கு முறை அனுப்பியது. இன்று டெல்லியில் இந்தியன் சோஷியல் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் இயங்கும் சமூக ஆய்வு நிறுவனத்தை 1951-இல் புனேயில் தொடங்கிவைத்தவரும் அவரே. 1950களின் பிற்பகுதியில் உரோமுக்கு அழைக்கப்பட்டு, சபையின் உலகத் தலைமையகத்தில் இந்தியாவுக்கான பொறுப்பில் நெடுங்காலம் இருந்தார். 1977-இல் மறைந்தார்.

நம் கல்லூரி சேசு சபையினர் நடத்துவது அன்று. தந்தை ஜெரோம் டிசூசா இங்கு ஒரு நாளும் பணியாற்றியதில்லை. அப்படியிருக்க அவர் படம் இங்கு ஏன் தொங்க வேண்டும் என்று உங்களில் யாரேனும் கேட்கலாம். நம் கல்லூரியின் விவரக் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள் தந்தையர்களே. முதல் பக்கத்திலேயே, கல்லூரியின் பெயருக்குக் கீழே, இந்திய அரசியலமைப்பின் 30(1) பிரிவின்படி சிறுபான்மையினர் நிறுவனம் என்ற வரி இருக்கிறது. சேர்க்கை அறிவிப்பில் அதே வரி. ஆசிரியர் நியமன விளம்பரத்தில் அதே வரி. நீதிமன்றத்தில் நாம் தாக்கல் செய்த ஒவ்வொரு மனுவிலும் அதே வரிதான் நம் முதல் வாதம். சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தாங்களே நிறுவி நடத்தும் உரிமையைத் தரும் அந்தப் பிரிவு வானத்திலிருந்து விழவில்லை. வரைவில் 23-ஆம் பிரிவின் ஒரு பகுதியாக இருந்த அது, 1948 டிசம்பரில் அவையில் விவாதிக்கப்பட்டு, திருத்தங்கள் முன்வைக்கப்பட்டு, ஏற்கப்பட்டது. அந்த விவாதம் அச்சாகியிருப்பது ஏழாம் தொகுதியில். எந்த உரிமையின்மேல் இக்கல்லூரி நிற்கிறதோ அந்த உரிமை பிறந்த கதை அடங்கிய புத்தகத்தை நாம் கிலோ கணக்கில் எடைக்குப் போட்டிருக்கிறோம்.

அந்தப் பிரிவைத் தந்தை ஜெரோம் டிசூசா ஒருவரே வாங்கித் தந்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது வரலாறு ஆகாது. அவையின் துணைத் தலைவராக இருந்த எச்.சி. முகர்ஜி, ராஜ்குமாரி அம்ரித் கௌர், நிக்கல்ஸ் ராய், ஆனி மஸ்கரீன், ஜோசப் ஆல்பன் டிசூசா என்று பல கிறித்தவர்கள் அங்கே இருந்தார்கள். கிறித்தவர் அல்லாத பெரும்பான்மையினர் மனம் ஒப்பி வாக்களித்திராவிட்டால் இவர்கள் எத்தனை பேர் இருந்தும் அது நிறைவேறியிருக்காது. ஆனால் கல்லூரி ஒன்றை அன்றாடம் நடத்திக்கொண்டே, கல்லூரிகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அவையில் வந்து அமர்ந்த ஒரு முதல்வர் நம் மாகாணத்திலிருந்து சென்றார் என்பது, கல்லூரி நடத்துகிற எவரும் மறக்கக்கூடிய செய்தி அன்று. வகுப்பறையையும், விடுதிச் சாப்பாட்டையும், ஆசிரியர் சம்பளத்தையும், தேர்வு நாள்களையும் கவனித்தவர், அதே ஆண்டுகளில் ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தையும் வாசித்து, கேள்வி கேட்டு, பேசியிருக்கிறார்.

இனி அந்த அறையைப் பற்றிச் சொல்கிறேன். 1976-இல் நான் இக்கல்லூரியில் வரலாறு படிக்க வந்தபோது, என் ஊரிலிருந்து கல்லூரிக்குப் படியேறிய முதல் பெண் நான். எங்கள் வரலாற்றுத் துறைத் தலைவர் தம் சொந்தப் பணத்தில் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த விவாதத் தொகுதிகளை, நூலகத்தின் மேற்கு மூலையில் இருந்த சிறிய அறையில், பூட்டில்லாத ஒரு மர அலமாரியில் வைத்திருந்தார். அலமாரிக்கு மேலே தந்தை ஜெரோம் டிசூசாவின் படத்தை மாட்டியவரும் அவரே. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு அந்த அறையில் நடக்கும். ஆசிரியர் பாடம் நடத்த மாட்டார். எங்கள் ஒவ்வொருவருக்கும் அவையின் உறுப்பினர் ஒருவரைக் கொடுத்துவிடுவார். ஒருத்தி தாட்சாயணி வேலாயுதன், ஒருவன் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, ஒருவன் முனுசாமிப் பிள்ளை, ஒருவன் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அவரவர் பேச்சை அவரவர் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, புரிந்ததைத் தமிழில் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்த எங்களில் பலர் ஆங்கில வாக்கியத்தைத் திக்காமல் வாசிக்கக் கற்றது அந்த அறையில்தான். எனக்குக் கிடைத்தவர் தந்தை ஜெரோம் டிசூசா.

அவருக்கு நான் குரல் கொடுத்த பகுதி 1949 மே மாத விவாதம். அதன் பின்னணியை மாணவர்கள் புரிந்துகொள்ள ஆசிரியர் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மதராஸ் மாகாணத்து இந்தியக் கிறித்தவர்களுக்குத் தனித் தொகுதி இருந்தது. கிறித்தவ வேட்பாளரைக் கிறித்தவரே தேர்ந்தெடுப்பார்கள். 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபை தனித் தொகுதி முறையைக் கைவிட்டது. ஆனால் பொதுத் தொகுதியில் சிறுபான்மையினருக்கு இட ஒதுக்கீடு தொடரலாம் என்று ஏற்றது. மதராஸ், பம்பாய் மாகாணச் சட்டமன்றங்களில் இந்தியக் கிறித்தவர்களுக்கு இடங்கள் ஒதுக்குவது அந்த ஏற்பாட்டில் இருந்தது. இரண்டே ஆண்டில் அதுவும் வேண்டாம் என்ற தீர்மானம் வந்தது. மத அடிப்படையில் சட்டமன்ற இடங்களை ஒதுக்கும் முறையை நீக்குவதற்குக் கிறித்தவ உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டார்கள். தனி இடம் கேட்டு வாங்குவதைவிடப் பெரும்பான்மையினரின் நம்பிக்கையை ஈட்டுவதே நிலைத்த பாதுகாப்பு என்ற அந்த நிலைப்பாட்டின் பக்கமே தந்தை ஜெரோம் டிசூசா நின்றார்.

அதை வாசித்து முடித்ததும் நான் அழுதுவிட்டேன். எங்கள் குடும்பம் தலித் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் ஊர்க் கோயிலில் எங்களுக்குத் தனி வரிசை. கல்லறைத் தோட்டத்திலும் தனிப் பக்கம். ஆனால் எங்கள் சாதிச் சான்றிதழில் நாங்கள் பட்டியல் சாதியினர் அல்லர். கிறித்தவத்துக்கு மாறியவர்கள் என்று பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தோம். என் அண்ணனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவித்தொகை அந்த ஒரு சொல்லால் கைநழுவிப் போன ஆண்டு அது. "ஐயா, இவர் எங்களைக் கேட்டா விட்டுக்கொடுத்தார்?" என்று வகுப்பில் எல்லோர் முன்னிலும் கேட்டேன். ஆசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தந்தைக்குப் பரிந்து பேசவும் இல்லை. நீ இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்குகிறாய் என்றார். 1949-இல் விடப்பட்டது மதச் சிறுபான்மையினருக்கான சட்டமன்ற இடங்கள். உன் அண்ணனைத் தடுத்தது 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை. இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று, சீக்கியரில் சில சாதிகளுக்கு மட்டும் விலக்களித்து, அது சொன்னது. 1956-இல் அதைத் திருத்திச் சீக்கியர் அனைவரையும் சேர்த்தார்கள் என்றெல்லாம் விளக்கிவிட்டு, "ஆனாலும் உன் கேள்வி நியாயமான கேள்விதான். அதைச் சீட்டில் எழுதி அந்தப் பக்கத்திலேயே வை. உனக்குப் பின்னால் வருகிறவர்கள் பதில் தேடட்டும்" என்றார்.

எழுதி வைத்தேன். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் தங்கள் கேள்வியை ஒரு சிறு சீட்டில் எழுதி, பெயர் போடாமல், ஆண்டை மட்டும் போட்டு, அந்தந்தப் பக்கத்தில் செருகுவார்கள். 1984-இல் நானே இங்கு ஆசிரியையாகச் சேர்ந்து, என் ஆசிரியருக்குப் பின் அந்த வெள்ளிக்கிழமை வகுப்பை 2016-இல் ஓய்வுபெறும் வரை நடத்தினேன். 1990-இல் பௌத்தர்களையும் பட்டியலில் சேர்த்தபோது, அப்படியானால் நாங்கள் மட்டும் ஏன் வெளியே என்று ஒரு மாணவன் என் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதினான். ஒரு முஸ்லிம் மாணவி, 1949 தீர்மானத்தை அவையில் இருந்த தன் சமூகத்தவர் எல்லோரும் ஒரே குரலில் ஏற்கவில்லை என்பதை எடுத்துக்காட்டி எழுதிய சீட்டு இப்போதும் எட்டாம் தொகுதியில் இருக்கிறது. நேற்று எண்ணிப் பார்த்தேன்: அந்த ஒரு தொகுதியில் மட்டும் பதினோரு சீட்டுகள். சில பால்பாயிண்ட் மையில், சில பென்சிலில். ஒன்று பேருந்துப் பயணச்சீட்டின் வெற்றுப் பக்கத்தில் எழுதப்பட்டது. ஏழாம் தொகுதியில்தான் சீட்டுகள் மிகுதி. தடித்துப்போய் அது சரியாக மூடாது. அத்தனையும் கூழாகிவிட்டன.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தந்தை ஜெரோம் டிசூசாவை நாங்கள் அந்த அறையில் வணங்கவில்லை, அவரோடு வாதாடினோம். நிறுவனங்களுக்கான உரிமை அரசியலமைப்பில் நின்றது, ஆனால் அதே திருச்சபையின் தலித் மக்களுக்கு 1950 ஆணை கதவடைத்தது என்ற முரணை எந்த மாணவரும் தவிர்க்க நான் விட்டதில்லை. அதற்கு எவர் எவ்வளவு பொறுப்பு என்பதில் இன்றுவரை எனக்கு முழு விடை கிடைக்கவில்லை. ஆனால் ஒரு கல்லூரித் தலைவர் எடுத்த நிலைப்பாட்டை அச்சில் வைத்து, முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு கழித்து வரும் மாணவர்கள் கேள்வி கேட்கும்படி திறந்துவைப்பதைவிட அவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை எதுவும் இல்லை என்று என் ஆசிரியர் நம்பினார், நானும் நம்புகிறேன். 1977-இல் தந்தை மறைந்த செய்தி வந்த வாரம் அந்த அறையில் மலர் மாலை எதுவும் போடவில்லை. ஆசிரியர் அவருடைய பேச்சை என்னிடம் கொடுத்து, முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

இனி, நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். பழுது என்பது உண்மை. மேற்கு மூலையில் மழைக்கு ஒழுகும். நான் பணியில் இருந்தபோதே மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். ஒழுகும் கூரையைச் சரிசெய்யாமல் விட்டுவிட்டு, நனைந்த புத்தகத்தைப் பழுது என்று தள்ளுவது முறையாகாது. ஐந்தாண்டுகளாக எவரும் எடுக்கவில்லை என்பதும் பதிவேட்டின்படி உண்மையாக இருக்கலாம். ஆனால் நான் ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டே வெள்ளிக்கிழமை வகுப்பு கால அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது; அதற்கடுத்து, பழைய நாற்காலிகள் போடும் இடமாக அந்த அறை மாறி, கதவுக்குப் பூட்டும் வந்தது. பூட்டிய அறைக்குள் இருக்கும் நூலை எவர் எடுத்துப் படிக்க முடியும்? இணையத்தில் கிடைக்கிறது என்பதைத்தான் நான் முழுமையாக ஏற்கிறேன். விவாதங்கள் இணையத்தில் இருக்கின்றன. யாரும் எங்கிருந்தும் படிக்கலாம். அது பெரிய கொடை. ஆனால் நம் மாணவர்கள் எழுதிய சீட்டுகள் இணையத்தில் இல்லை. மேலும், இணையத்தில் தேட வேண்டுமானால் முதலில் ஒரு பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பெயர் தெரியவில்லை என்பதற்கு நானே சாட்சி. கடந்த நவம்பர் 26 அன்று கல்லூரியில் அரசியலமைப்பு நாள் நடந்தபோது பார்வையாளராக வந்திருந்தேன். அரங்கின் முகப்பில் அம்பேத்கர், நேரு, ராஜேந்திர பிரசாத், படேல் ஆகியோரின் படங்கள் இருந்தன, இருக்க வேண்டியவையே. கேள்வி நேரத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, அந்த அவையில் கிறித்தவர்கள் யாராவது இருந்தார்களா, நம் பக்கத்திலிருந்து யாராவது போனார்களா என்று கேட்டாள். மேடையில் இருந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரமாகிவிட்டது, அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றார்கள். அதே நேரத்தில், அரங்கிலிருந்து ஐம்பது அடி தொலைவில் பூட்டிய அறைக்குள், அவள் கேள்விக்கான பதில் பக்க எண்ணோடு இருந்தது. நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்தது என் தவறு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை நினைத்து வருந்தினேன். இன்று எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த அறை இப்போது திரையும் ஒலிபெருக்கியும் வைத்த நவீன வகுப்பறையாக மாறுகிறது என்று அறிகிறேன். நவீன வகுப்பறை வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. தர மதிப்பீட்டுக் குழு வரும்போது காட்ட வேண்டியவை பல உண்டு என்பதையும், ஒரு கல்லூரித் தலைவரின் நாள் எப்படிக் கழிகிறது என்பதையும் நான் அறிவேன். ஆனால் தந்தையர்களே, ஒரு முதல்வரின் பணி எதைக்கொண்டு நினைவுகூரப்படும் என்பதை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகிறேன். தந்தை ஜெரோம் டிசூசா இலயோலாவில் முதல்வராக இருந்த அதே ஆண்டுகளில் அங்கே கணிதத் துறையில் சார்லஸ் ரசீன் என்ற பிரெஞ்சு சேசு சபைத் துறவி இருந்தார். அன்றைய ஐரோப்பாவில் வளர்ந்துகொண்டிருந்த புதிய கணிதத்தைச் சென்னை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி, சி.பி. ராமானுஜம் போன்றவர்கள் அவரிடம் படித்து, உலகம் மதிக்கும் கணித அறிஞர்களானார்கள். அந்தக் காலத்தில் எத்தனை கட்டடங்கள் எழுந்தன என்பதை நான் எங்கும் தேடியதில்லை. எவர் எவரைப் படிக்கவைத்தார், எதைக் கேள்வி கேட்கவைத்தார் என்பதுதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தத் துறவியர் மரபைப் பற்றிப் பேசும்போது நாம் வீரமாமுனிவரின் சதுரகராதியையும், 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கத்தையும் பெருமையோடு சொல்கிறோம். நம் கல்லூரி ஆண்டு மலரிலும் அவை ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றை நாம் சொல்ல முடிவதே, யாரோ ஒருவர் நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பிரதியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான். தம்பிரான் வணக்கத்தின் கதை நமக்குத் தெரிந்திருக்கிறது, ஆனால் நேற்று மறைந்த ஒரு தந்தையின் கதை தெரியவில்லை என்றால், நம் பெருமையில் ஏதோ பிழை இருக்கிறது.

ஆகவே, என் கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறேன். முதலாவதாக, மேற்கு அறையிலிருந்து எடுத்து வராந்தாவில் அடுக்கியிருக்கும் மூன்று அலமாரி நூல்களில் இனி ஒரு தாளையும் வெளியே அனுப்பக் கூடாது என்று உடனே எழுத்தில் உத்தரவிடுங்கள். வரலாறு, தமிழ், நூலக அறிவியல் ஆகிய மூன்று துறைகளிலிருந்து தலா ஒருவரும், முன்னாள் மாணவர் ஒருவரும் அடங்கிய குழு ஒன்று ஒவ்வொரு நூலையும் திறந்து பார்த்து, உள்ளே செருகியிருக்கும் தாள்களைப் பதிவு செய்த பிறகே எதையும் நீக்கலாம் என்பதை நூலக விதியாக்குங்கள். நூல்களைக் கழிக்கும் உத்தரவில் யார் கையொப்பமிட்டார், எந்தப் பட்டியலின்படி என்பதைக் கல்லூரிச் சமூகத்துக்குத் தெரிவியுங்கள். எவரையும் தண்டிக்கச் சொல்லி இதைக் கேட்கவில்லை. எவையெல்லாம் போயின என்று எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

அடுத்து, தந்தை ஜெரோம் டிசூசாவின் படம் எங்கே இருக்கிறது என்று நூலக உதவியாளர் எனக்குக் காட்டினார். பண்டகக் கிடங்கில், உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்த்தபடி சாத்தி வைத்திருக்கிறது. கண்ணாடியில் ஒரு மூலை விரிசல். அதை வெளியே எடுத்து, கண்ணாடி மாற்றி, மாணவர்கள் நின்று வாசிக்கக்கூடிய இடத்தில் மாட்டுங்கள். அதன் கீழே அவர் பிறந்த, மறைந்த ஆண்டுகளும், அவர் தலைமை தாங்கிய இரண்டு கல்லூரிகளின் பெயர்களும், அவர் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் என்பதும் தமிழில் எழுதப்பட வேண்டும். விலையுயர்ந்த பலகை எதுவும் வேண்டாம். தெளிவாக அச்சிட்ட ஒரு தாள் போதும்.

மூன்றாவதாக, ஏழாம் தொகுதி உட்படக் காணாமல் போன தொகுதிகளை மறுபதிப்பிலிருந்து வாங்கி நூலகத்தில் வையுங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு இந்திய அரசியலமைப்பு பற்றிய பாடம் கட்டாயமாக இருக்கிறது. அதில் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை வாசிப்பு வகுப்பாக ஒதுக்குங்கள். உறுப்பினர்களின் பேச்சுகளை மாணவர்கள் எழுந்து நின்று வாசிக்கட்டும். 1949 மே மாத விவாதத்தையும் 1950 ஆணையையும் அடுத்தடுத்துப் படிக்கட்டும். தலித் கிறித்தவ மாணவர்கள் தங்கள் கேள்வியைக் கூச்சமின்றிக் கேட்கட்டும். திரை வைத்த புதிய வகுப்பறையிலேயே அது நடக்கலாம், எனக்கு மறுப்பில்லை. நடத்துவதற்கு ஆள் இல்லை என்றால், ஊதியம் எதுவும் இன்றி நான் வந்து நடத்துகிறேன். வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இல்லை.

இந்த மடலுக்கான பதிலை, வரும் அரசியலமைப்பு நாளுக்கு முன், எழுத்தில் எதிர்பார்க்கிறேன். எட்டாம் தொகுதியும், அதனுள் இருக்கும் பதினோரு சீட்டுகளும், கடையிலிருந்து மீட்ட மற்ற இரண்டு தொகுதிகளும் என் வீட்டு மேசையில் பத்திரமாக இருக்கின்றன. அவை கல்லூரியின் சொத்து, என்னுடையவை அல்ல. பழைய நூலகப் பதிவெண்ணை மீண்டும் பேரேட்டில் ஏற்றி, சீட்டுகளின் எண்ணிக்கையையும் குறிப்பிட்டு, நூலகர் கையொப்பமிட்ட ரசீது ஒன்றைத் தாருங்கள்; அன்றே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
இக்கல்லூரியின் முன்னாள் மாணவியும்
ஓய்வுபெற்ற வரலாற்றுத் துறைப் பேராசிரியையும்